எல்லைக் கோட்டில் நாலாம் நம்பர் பிரஸ்

ஜூஜுவாடியில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வருகிற அந்தக் கம்பெனிக்குப் பெயர்ப்பலகையில் நல்ல நீளமான பெயர் உண்டு. அதை முழுசாகப் படித்தவர்கள் இருப்பதாகத் தெரியவில்லை. ஆட்டோக்காரர்களுக்கு அது கோட்டுக் கம்பெனி. முதலாளியின் அப்பா இடம் வாங்கிய காலத்தில் பாதி நிலம் தமிழ்நாட்டிலும் பாதி நிலம் கர்நாடகத்திலும் இருந்தது. அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஷெட் எழும்பி, மிஷின்கள் இறங்கி, சாமி படம் மாட்டிய பிறகுதான் இரண்டு மாநிலத்து சர்வேயர்களும் வந்து அளந்து, தரையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார்கள். அந்தக் கோடு மேனேஜர் அறையை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு, கேண்டீனில் சோற்று அண்டாவுக்கும் குழம்பு அண்டாவுக்கும் நடுவில் புகுந்து, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் மற்ற மிஷின்களை எல்லாம் விட்டுவிட்டு நாலாம் நம்பர் பிரஸ்ஸின் காலடியில் போய் முடிந்தது.

அதாவது, பிரஸ் நிற்பது தமிழ்நாட்டில். அதை ஓட்டுகிறவர் உட்காரும் ஸ்டூல் கர்நாடகத்தில். காலால் மிதிக்கிற பெடல் கர்நாடகத்தில். தகட்டை வைக்கக் கையை நீட்டினால் அது தமிழ்நாடு. அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரியின் இரண்டு கைகளும் ஷிப்ட் முழுக்க மாநிலம் விட்டு மாநிலம் போய் வந்துகொண்டிருந்தன. எந்த செக்போஸ்ட்டும் அவற்றை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குச் சில சமயம் தோன்றும்.

மாதேஸ்வரி மத்தூர்ப் பக்கத்துக்காரி. மத்திகிரியில் வாடகை வீடு. பகலில் கம்பெனி, சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து பூக்கடைக்கு மாலை கட்டுவது. சாமந்தியும் ரோஜாவும் மரிக்கொழுந்தும் அவள் விரல்களுக்கு நடுவில் தானாகப் போய் உட்காரும் என்று கடைக்காரர் சொல்வார். பத்து விரலும் அவளுக்கு வேண்டும். அதில் பாதி விரலைக்கூட விட்டுக்கொடுக்கிற நிலையில் அவள் இல்லை.

அவளுக்கு முன்னால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் செல்வம். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். நாலாம் நம்பர் பிரஸ்ஸில் முன்பு ஒரு சென்சார் இருந்தது. கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காது. அது பழுதாகி, கழற்றிக்கொண்டு போனார்கள். அது இருந்த இடத்தில் நட்டு கழன்ற ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. சென்சார் வரும்வரை பார்த்து ஓட்டு என்றார்கள். செல்வம் பார்த்துத்தான் ஓட்டினான். ஒரு நாள் பிரஸ் அவனைப் பார்க்காமல் இறங்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போனது.

விசாரிக்க இரண்டு மாநிலத்திலிருந்தும் அதிகாரிகள் வந்தார்கள். கோட்டுக்கு இந்தாண்டை ஒருவரும் அந்தாண்டை ஒருவருமாக நின்று நெடுநேரம் யோசித்தார்கள்.

"விரல் விழுந்தது எங்க எல்லையில, அதை ஒத்துக்கறோம். ஆனா காயம்பட்டவர் எங்க எல்லையில இல்லையே. காயம்பட்ட ஆள் இல்லாம விபத்துன்னு எப்படி எழுதறது?" என்றார் தமிழ்நாட்டு அதிகாரி.

கர்நாடக அதிகாரி கன்னடம் கலந்த தமிழில் அதையே வேறு பக்கமாகச் சொன்னார். "ஆளு நம்ம சைடுதான். இல்லேன்னு சொல்லல. ஆனா நம்ம சைடுல எதுவும் விழலையே சார். பெரலு விழாத எடத்துல விபத்து ஹேகே ஆகும்?"

இருவரும் கோட்டின் மேல் கைகுலுக்கிக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் விபத்து நடக்கவில்லை. கர்நாடகத்திலும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுத்திருந்த செல்வத்திடம் போய் இதைச் சொன்னபோது அவன், "அப்ப என் வெரல எவய்ங்கதான் எடுத்தாய்ங்க?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எந்த மாநிலத்துக்கு உரியது என்று தெரியாததால் யாரும் பதில் சொல்லவில்லை.

கம்பெனி அவனைக் கைவிடவில்லை. கேட்டில் செக்யூரிட்டியாகப் போட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு கரும்பலகை இருக்கும். தினமும் காலையில் பழைய எண்ணை அழித்துவிட்டு ஒன்று கூட்டி எழுத வேண்டும். அந்த வேலையும் செல்வத்துக்குத்தான். விபத்து நடந்தால் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அவன் விரல் போன நாளில்கூட அந்த எண் குறையவில்லை. மிஞ்சிய விரல்களுக்கு நடுவில் சாக்பீஸைச் செருகிக்கொண்டு அவன் அதை ஒவ்வொரு நாளும் ஏற்றிக்கொண்டே வந்தான்.

காலியான ஸ்டூலுக்குப் பேக்கிங்கிலிருந்து மாதேஸ்வரியை மாற்றினார்கள். அவள் மேனேஜர் மோகன்குமாரிடம் நேராகப் போய்க் கேட்டாள்.

"சார், அந்த சென்சார எப்ப மாட்டுவீங்க? கைய உள்ள வுட்டு எடுக்கறதுக்குள்ள உசுரு போயி உசுரு வருது."

மோகன்குமார் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருக்கக்கூட அவருக்கு மேலிடத்து அனுமதி வேண்டியிருந்தது. "மாதேஸ்வரி, சென்சார் வாங்க எனக்கு மனசில்லைன்னு நினைக்கறீங்களா? வாங்கி வச்சா நாளைக்கே தப்பாயிடும்மா. ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒரு ரூல் இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணாக்க இப்போ கமிட்டி போட்டிருக்காங்க. புது ரூல் வந்ததும் அந்த ரூல்படி வாங்கிடலாம். அதுவரைக்கும் பழைய ரூல்ல வாங்கினா சட்ட விரோதம், புது ரூல்ல வாங்கலாம்னா அது இன்னும் வரல."

"அப்ப சென்சார் இல்லாம ஓட்டறது?"

"அது எந்த ரூல்லயும் வராது. அதனால பிரச்சனை இல்ல" என்றார் மோகன்குமார்.

கமிட்டிக்குப் பெயர் 'தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் ஒத்திசைவுக் குழு'. நாடு முழுக்க ஆளுக்கொரு விதி என்று இருக்கும் நிலையை ஒழித்து, எல்லாருக்கும் ஒரே விதி என்று ஆக்குவது அதன் வேலை. தலைவர் சென்னப்பன், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. ஓய்வு பெற்றவர் என்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாநிலம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இடம் என்று கேள்விப்பட்டதும், ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று கோட்டுக் கம்பெனிக்குப் படையெடுத்தார்.

முதல் தடவை வந்தபோது குழுவினர் நாலாம் நம்பர் பிரஸ்ஸின் முன்னால்தான் நின்றார்கள். மாதேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஓட்டைகளைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்தாள். அவர்கள் பார்த்தது ஓட்டைகளுக்கு மேலே இருந்த எச்சரிக்கைப் பலகைகளை. தமிழ்நாட்டுப் பக்கத்து மண்டை ஓடு வலது பக்கம் பார்த்தது. கர்நாடகப் பக்கத்து மண்டை ஓடு இடது பக்கம் பார்த்தது. இரண்டும் கோட்டுக்கு இருபுறமும் மாட்டப்பட்டிருந்ததால் ஒன்றுக்கொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.

"பாருங்கள் இந்த முரண்பாட்டை. ஒரு தொழிலாளி எந்த மண்டை ஓட்டை நம்புவார்?" என்றார் சென்னப்பன், உண்மையான வேதனையோடு.

இதற்கென்று ஒரு துணைக்குழு அமைந்தது. பல கூட்டங்கள் நடந்தன. இரண்டு மண்டை ஓடும் ஒன்றையொன்று பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். அது முறைப்பதுபோல் இருக்கும் என்று இன்னொருவர் மறுத்தார். கடைசியில் மண்டை ஓடு நேராகப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. நேராகப் பார்த்தால் எதிரில் இருக்கிற மாநிலத்தைப் பார்ப்பதாக ஆகிவிடும் என்று ஆட்சேபம் வரவே, கண்ணை மூடிக்கொண்டு நேராக இருக்க வேண்டும் என்று திருத்தினார்கள். தூங்குகிற மண்டை ஓடு ஒன்று வந்து நாலாம் நம்பர் பிரஸ்ஸின் தலையில் ஏறியது. பக்கத்துப் பிரஸ்ஸில் இருந்த சாந்தம்மா அதைப் பார்த்து, "இது நம்ம சூப்பர்வைசரு மாதிரியே கீது" என்றாள்.

சாந்தம்மா உள்ளூர்க்காரி. மிஷினோடு தெலுங்கில் பேசுவாள், சூப்பர்வைசரோடு கன்னடத்தில் பேசுவாள், திட்டுவதற்கு மட்டும் தமிழை வைத்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் அவளுக்குத் தமிழ்தான் அதிகம் தேவைப்பட்டது.

அடுத்து வந்தது தீ விபத்து ஒத்திகை. ஒத்திசைந்த சைரன் அலறியது. தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் கிழக்குக் கேட்டுக்கும், கர்நாடகப் பக்கம் இருப்பவர்கள் மேற்குக் கேட்டுக்கும் ஓட வேண்டும் என்று உத்தரவு. ஷெட் முழுக்கக் காலியானது. மாதேஸ்வரி கிழக்கே ஓடினாள். உன் ஸ்டூல் எங்கள் பக்கம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மேற்கே ஓடினாள், உன் மிஷின் எங்கள் பக்கம் இல்லை என்றார்கள். அவள் மூச்சு வாங்க வந்து சென்னப்பன் முன்னால் நின்றாள்.

"நான் எங்கீங்க சார் போவணும்?"

சென்னப்பன் இரண்டு பக்கத்துக் கணக்கையும் வாங்கிப் பார்த்தார். இரண்டிலும் ஆள் குறையவில்லை. "இரண்டு கணக்கிலும் நீங்கள் சேரவில்லையம்மா. ஆகவே நீங்கள் ஆபத்தில் இல்லை" என்றார். மாதேஸ்வரி திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். எரிவதாகச் சொல்லப்பட்ட ஷெட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஒத்திகை வெற்றி பெற்றதும் பெரிய அறிவிப்பு வந்தது. நாடு முழுக்க வரப்போகிற ஒரே விதியை இந்தக் கம்பெனியில், நாலாம் நம்பர் பிரஸ்ஸின் முன்னால் தொடங்கி வைப்பார்கள். விருந்தினர்கள் பார்க்க, பழைய கால ஆபத்தான முறையில் முதலில் பிரஸ்ஸை ஓட்டிக் காட்ட வேண்டும். வேகமாக, கை உள்ளே போய் வருவது நன்றாகத் தெரிகிற மாதிரி. பிறகு சென்னப்பன் ரிப்பன் வெட்டி, புது விதிப்படியான சென்சாரைத் திறந்து வைப்பார்.

"அப்பாடா, சென்சார் வந்துருச்சுங்களா சார்?" என்று கேட்டாள் மாதேஸ்வரி.

மோகன்குமார் மேசைக்கடியிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். தெர்மாகோலில் செய்து வெள்ளிப் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். "இது மாதிரிக்கு. நிஜமானது விதி அச்சானதும் வரும். நீங்க பழைய முறைய ஓட்டிக் காட்டறதுதான் முக்கியம். வேகமா ஓட்டிப் பழகிக்கங்க."

அவள் பழகினாள். இரண்டாம் நாளே, பெடலில் இருந்த கால் அவள் நினைப்பதற்கு ஒரு கணம் முன்னால் அழுந்தியது. சாந்தம்மா அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இரண்டு பேரும் ஸ்டூலோடு கர்நாடகத்துக்குள் விழுந்தார்கள். எழுந்து பார்த்தபோது மாதேஸ்வரியின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கையுறையின் நடுவிரல் மட்டும் தகட்டோடு தகடாகப் படிந்து தமிழ்நாட்டில் இருந்தது.

மாதேஸ்வரி அந்தத் துணியைக் கிழித்து எடுத்துப் பார்த்தாள். சூப்பர்வைசர் வந்து, புதுக் கையுறை தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கமிட்டி வரும்போது கிழிந்தது போட்டிருக்கக் கூடாதாம்.

கேண்டீனில் அவள் சாப்பிடவில்லை. கேட்டிலிருந்து சாப்பிட வந்த செல்வமும் அவர்களோடு உட்கார்ந்திருந்தான்.

"நாளான்னிக்கு அவ்ளோ பேரு முன்னால நான் இத ஓட்டணுமாம். வெரலு போனாலும் அவங்களுக்கு நல்லதுதான். பழைய முறை எப்பிடி ஆபத்துன்னு நல்லாத் தெரிஞ்சுரும்" என்றாள் மாதேஸ்வரி.

"ஓட்டமாட்டேன்னு சொல்லிரு" என்றான் செல்வம்.

"சொன்னா வேற ஒருத்தி உக்காருவா. அவளுக்கும் பத்து வெரலுதான் கீது" என்றாள் சாந்தம்மா. பிறகு சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு மாதேஸ்வரியைப் பார்த்தாள். "ஏ, ஆயுத பூசைக்கு மிஷினுக்குப் பொட்டு வெச்சு மாலை போட்டா, பூசை எடுக்கற வரைக்கும் யாராச்சும் ஓட்டுவாங்களா?"

"எவன் ஓட்டுவான்? ஸ்விட்சக்கூடத் தொட மாட்டாங்க."

"கோட்டுக்கு அந்தாண்ட?"

"அந்தாண்டயுந்தான். அங்க இன்னும் பெருசா பண்ணுவாங்க. பூசை போட்டவங்களே பூவ எடுத்தாத்தான் மிஷினு ஓடும்." சொல்லிக்கொண்டே வந்த மாதேஸ்வரி பாதியில் நின்றாள்.

"இது ஆயுத பூசை மாசமில்லையே" என்றான் செல்வம்.

"மிஷினுக்கு மாசம் தெரியுமா?" என்றாள் சாந்தம்மா.

அன்று சாயங்காலம் மாதேஸ்வரி பூக்கடைக்கு மாலை கட்டவில்லை. கடைக்காரரிடம் கேட்டுக் கூடை கூடையாகச் சாமந்தி வாங்கி வந்து தனக்காகக் கட்டினாள். பக்கத்து வாடகை வீடுகளில் இருந்த பிரஸ் ஷாப் பெண்கள் என்ன விஷயம் என்று கேட்க வந்து, கேட்டதும் உட்கார்ந்து ஆளுக்கொரு நார் எடுத்துக்கொண்டார்கள்.

விழா நாள் காலையில் ஷிப்ட் ஆட்களின் முதல் வேன் வருவதற்கு முன்பே செல்வம் கேட்டைத் திறந்தான். பெண்கள் நாலாம் நம்பர் பிரஸ்ஸைத் துடைத்தார்கள். மாவிலை கட்டினார்கள். சந்தனம் தெளித்தார்கள். முதல் பொட்டை யார் வைப்பது என்று பேச்சு வந்தபோது மாதேஸ்வரி குங்குமத்தைச் செல்வத்திடம் நீட்டினாள். அவன் விரல் இல்லாத கையாலேயே அதை எடுத்து, கண்மூடிய மண்டை ஓட்டின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தான். பிரஸ்ஸின் நெற்றியில் இன்னொன்று. சாந்தம்மா எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்தாள். மாதேஸ்வரி மாலையைத் தூக்கிப் போட்டாள். மேலேயிருந்து கோடு வரை தொங்கியது. இரண்டு மாநிலத்திலும் பூ விழுந்தது.

விருந்தினர்கள் வந்தார்கள். மேடையைக் கோட்டின் மேல் சரிபாதியாகப் போட்டிருந்தார்கள். குத்துவிளக்கையும் கோட்டின் மேல் வைத்து, திரிகளை இரண்டு மாநிலத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். சென்னப்பன் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, இன்று இந்த நாட்டில் ஒரு தொழிலாளி ஒரு மாநிலத்தில் ஒரு விதிப்படி விரலை இழக்கிறார். பக்கத்து மாநிலத்தில் வேறொரு விதிப்படி இழக்கிறார். இது எவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வு என்று எண்ணிப் பாருங்கள். நம் குழுவின் கனவு எளிமையானது. இனி எந்த மூலையில் இழந்தாலும் ஒரே விதிப்படி இழக்க வேண்டும். சிலர் கேட்கிறார்கள், முதலில் பாதுகாப்புக் கருவியை மாட்டக் கூடாதா என்று. கருவி இன்று வரும், நாளை பழுதாகும். ஒத்திசைவு பழுதாகவே ஆகாது. ஏனென்றால் அதை யாரும் இயக்கப்போவதில்லை."

பலத்த கைதட்டல். தட்டிய கைகளில் பெரும்பாலும் எல்லா விரல்களும் இருந்தன.

பிறகு எல்லோரும் நாலாம் நம்பர் பிரஸ்ஸை நோக்கி நடந்தார்கள். முன்னால் வந்த மோகன்குமார் மாலையைப் பார்த்து நின்றார். மாதேஸ்வரி ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இது?"

"பூசைங்க சார்."

"இப்ப என்ன ஆயுத பூசையா வருது? எடுங்க, எடுங்க. மிஷினப் போடுங்க."

யாரும் அசையவில்லை. மோகன்குமார் மெயிண்டெனன்ஸ் ஆளைக் கூப்பிட்டார். அவன் வந்து பொட்டைப் பார்த்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். சூப்பர்வைசரைத் தேடினார், அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றிருந்தார். கடைசியில் மோகன்குமாரே கையை நீட்டினார்.

"எடுங்க சார். நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றாள் சாந்தம்மா.

நீட்டிய கை மாலைக்குப் பக்கத்தில் போய், அங்கேயே கொஞ்சம் யோசித்து, திரும்பி வந்து சட்டைப் பையில் புகுந்துகொண்டது. போன மாதம்தான் அவர் புதுக் கார் வாங்கி, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றியிருந்தார்.

சென்னப்பனுக்கு விஷயம் சொல்லப்பட்டது. அவர் இரண்டு மாநிலத்து அதிகாரிகளையும் அழைத்தார். "பொட்டு வைத்த மிஷினை ஓட்டக் கூடாது என்று உங்கள் விதியில் எங்கே இருக்கிறது?"

"எழுத்துல இல்லீங்க சார். ஆனா எங்க பக்கம் யாரும் ஓட்ட மாட்டாங்க" என்றார் தமிழ்நாட்டு அதிகாரி.

"நம்ம சைடும் அதே சார். யாரும் ஓட்டமாட்டாங்க" என்றார் கர்நாடக அதிகாரி.

குழு பிறந்த நாளிலிருந்து இருவரும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்ட முதல் விதி அதுதான். துணைக்குழு இல்லை, ஆட்சேபம் இல்லை. சென்னப்பன் திகைத்துப்போய்க் கீழே பார்த்தார். அவர் காலில் ஷூ இல்லை. எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

மோகன்குமார் மாதேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் யார் வேலைன்னு எனக்குத் தெரியும். உங்க மேல நடவடிக்கை எடுப்பேன்."

"எந்த ஸ்டேட்டு சட்டப்படிங்க சார்?" என்றாள் மாதேஸ்வரி.

அவள் எழுந்திருக்கவில்லை. "மாலை கீறது தமிழ்நாட்டுல. நான் உக்காந்து கீறது கர்நாடகாவுல. பூசை நடந்த எடத்துல ஆளு இல்ல, ஆளு கீற எடத்துல பூசை நடக்கல. செல்வம் வெரலு போனப்ப இப்பிடித்தான சொன்னீங்க? அப்ப விபத்து நடக்கலன்னா இப்ப பூசையும் நடக்கலீங்க. நடக்காத பூசைக்கு என்னா நடவடிக்கை எடுப்பீங்க?"

இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த வாதத்தில் குறை கண்டுபிடிக்க அவர்களால் முடியவில்லை. அது அவர்களுடையதாக இருந்தது.

"சரிம்மா. இந்தப் பூசையை எப்போது எடுப்பீர்கள்?" என்று சென்னப்பன் இறங்கி வந்து கேட்டார்.

"சென்சார் மாட்டுங்க. தெர்மாகோல் இல்லீங்க, நெசமானது. மாட்டினதும் பூசை போட்ட நானே என் கையால எடுக்கறேன்."

"இந்த ஒரு மிஷின் நின்னா நின்னுட்டுப் போகட்டும். மத்ததைப் போடுங்கப்பா" என்று கத்தினார் மோகன்குமார். அப்போதுதான் அவர் ஷெட்டை முழுசாகப் பார்த்தார். வரிசையில் இருந்த ஒவ்வொரு பிரஸ்ஸின் நெற்றியிலும் பொட்டு இருந்தது. ஒவ்வொன்றின் கழுத்திலும் சாமந்தி இருந்தது. ஒவ்வொரு ஸ்டூலிலும் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே லோடுக்கு வந்த லாரி ஹாரன் அடித்தது. பிறகு இன்னொரு லாரி அடித்தது. முதலாளி போனில் கேட்டதை மோகன்குமார் யாரிடமும் சொல்லவில்லை; ஆனால் போனை வைத்ததும் ஒரு ஆட்டோ ஓசூருக்கு ஓடியது. புது விதி அச்சாகும்வரை இந்த நாட்டில் கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லப்பட்ட சென்சார், ஓசூரில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் கண்ணாடி ஷோகேஸில் இருந்தது. ஆட்டோ டீ நேரத்துக்குள் திரும்பி வந்துவிட்டது.

மெயிண்டெனன்ஸ் ஆள் பொட்டைத் தொடாமல், மாலையை ஒதுக்காமல், சாமிக்கு நகை மாட்டுகிற பக்குவத்தோடு அதைப் பழைய ஓட்டைகளில் மாட்டினான். சோதித்துப் பார்ப்பது ஓட்டுவதில் சேராது என்று சாந்தம்மா சொல்ல, மாதேஸ்வரி பூசை வாழைப்பழம் ஒன்றை எடுத்து உள்ளே நீட்டிப் பெடலை மிதித்தாள். பிரஸ் அசையவில்லை. நன்றாக அழுத்தி மிதித்தாள். அசையவில்லை. பழத்தை வெளியே எடுத்துவிட்டு மறுபடி மிதித்தாள். பிரஸ் தடாலென்று இறங்கி ஏறியது. அவள் அந்தப் பழத்தை உரித்து, பாதியைச் சாந்தம்மாவுக்குக் கொடுத்து, பாதியைச் சாப்பிட்டாள். பிறகு எழுந்து மாலையைக் கழற்றினாள். மற்றப் பிரஸ்களின் மாலைகள் உடனே இறங்கவில்லை. ஒவ்வொன்றின் சென்சாரையும் வாழைப்பழம் விட்டுப் பார்த்த பிறகுதான் இறங்கின.

சென்னப்பன் ரிப்பன் வெட்டினார். வெட்டியே ஆக வேண்டியிருந்தது. காருக்குப் போகும் வழியில் உதவியாளரிடம், இங்கே கண்ட நடைமுறையை நாடு முழுக்கக் கொண்டுபோக வேண்டும் என்றும், மாலை சாமந்தியா ரோஜாவா, பொட்டு வட்டமா நீளமா என்பதில் மாநிலங்களுக்குள் வேறுபாடு வராமல் பார்த்துக்கொள்ளத் துணைக்குழு ஒன்று வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே நடந்தார். அவர் நெற்றியில் குங்குமம் இருந்தது.

கேட்டுக்கு வந்ததும் எல்லோரும் நின்றார்கள்.

செல்வம் கரும்பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் விரல் போன நாளையும் தாண்டி நிற்காமல் வளர்ந்த அந்தப் பெரிய எண்ணை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தான். சாக்பீஸை மிஞ்சிய விரல்களுக்கு நடுவில் செருகி, பலகை முழுக்க ஒரே ஒரு பூஜ்யம் போட்டான். நிதானமாக, வட்டம் கோணாமல் போட்டான். மாதேஸ்வரி நாலாம் நம்பர் பிரஸ்ஸிலிருந்து எடுத்த மாலையைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள். அவன் அதைப் பலகைக்குப் போட்டான். மீதமிருந்த குங்குமத்தை எடுத்துப் பூஜ்யத்தின் நடுவில் பொட்டு வைத்தான்.

மோகன்குமார் முகம் வெளுத்தது. "செல்வம், அதை அழிங்க. வெளி ஆளுங்க பாக்கறாங்க. பழைய நம்பரையே எழுதுங்க."

செல்வம் துணியை அவரிடம் நீட்டினான். "நீங்களே அழிச்சுக்கங்க சார். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மோகன்குமார் துணியைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். திரும்பி இரண்டு மாநிலத்து அதிகாரிகளையும் பார்த்தார். அவர்கள் இருவரும் வெவ்வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் துணியை வாங்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேன் வந்தபோது பூஜ்யம் அங்கேயே இருந்தது, பொட்டோடு.